நண்டுக்கு வலிக்குமா?

ஞாயிறு காலை, நொச்சிக்குப்பம் மீன் சந்தை. ஒரு கிலோ நண்டு எடுத்தேன். "ஒடச்சித் தரவா தம்பி?" என்று கேட்ட அக்கா, பதிலுக்குக் காத்திராமல் முதல் நண்டின் ஓட்டைப் பிய்த்தார். கால்கள் அசைந்துகொண்டே இருந்தன.

"வலிக்காதாக்கா?" வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"நண்டுக்கு ஏது வலி? சும்மா துடிக்குது."

என் தொழில்புத்தியும் அதையேதான் சொல்லும். பெல்ஃபாஸ்டில் பேரி மேகியும் ராபர்ட் எல்வுட்டும் செய்து 2013-இல் வெளியான சோதனை ஒன்று உண்டு. நண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்கள். ஒன்றில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. சில சுற்றுகளிலேயே பெரும்பாலானவை மற்றதுக்கு மாறிவிட்டன. இதை நான் பத்து வரி கோடில் எழுதிவிடுவேன், அந்தக் கோடுக்கு வலிக்காது. ரொம்ப நாள் இந்த வாதத்தில் நிம்மதியாக இருந்தேன். ஆனால் கோடுக்குள் வேறெதுவும் இல்லை என்று எனக்குத் தெரிவது, அதை எழுதியவன் நான் என்பதால். நண்டை நான் எழுதவில்லையே.

தொல்காப்பியத்தின் மரபியல் நண்டுக்கு நான்கு அறிவு தருகிறது. மனம் என்கிற ஆறாவது மனிதருக்கு. பள்ளியில் அதைப் பெருமையாக ஒப்பித்தோம். இப்போது என் கண் நிற்பது முதலாவதில்: தொடுவுணர்வு. வலி எதைச் சேர்ந்தது? 'எனக்கு வலிக்கிறது' என்று நினைக்க ஆறாவது தேவைப்படலாம். வலிக்க? பல்வலியில் புரண்ட ஒரு ராத்திரி என்னிடம் சிந்தனை என்று எதுவும் மிச்சமில்லை. வலி மட்டும் முழுசாக இருந்தது. (அப்படியானால் தொடுவுணர்வுள்ள புல்லுக்குமா என்பீர்கள். புல்லுக்கு நரம்பு இல்லை, நண்டுக்கு இருக்கிறது.)

அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், 1953-இல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்பு மசோதா கொண்டுவந்தார். 1960-இல் வந்த சட்டத்தில் 'விலங்கு' என்றால் மனிதரல்லாத எந்த உயிரும். நண்டும்தான். பிரிட்டன் தன் உணர்வுள்ள விலங்குகள் சட்டத்தில் நண்டைச் சேர்த்தது 2022-இல். காலரைத் தூக்கிவிட வேண்டாம்: உணவுக்காகக் கொல்லலாம், 'தேவையற்ற' வலி கூடாது என்கிறது நம் சட்டம். யாருடைய தேவை?

"அக்கா, மிச்சத்த ஐஸ்ல போட்டு மரத்துப்போன பிறகு ஒடைங்களேன்."

"பின்னாடி கூட்டத்தப் பாரு தம்பி."

காத்திருக்கிறேன் என்றேன். இருபது நிமிடம் நின்றேன். முறைத்துக்கொண்டேதான் உடைத்துக் கொடுத்தார்.

குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.