எண்ணும் எழுத்தும் ஒரே வரிசையில்

மேட்லேப் மென்பொருளில் 65 என்ற எண்ணையும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தையும் ஒரே அணிக்குள் வைத்தால், ‘ஏபி’ என்று விடை வரும். 65 என்பது ‘ஏ’வின் குறியெண், எண் சத்தமில்லாமல் எழுத்தாகிவிட்டது. ஆர் நிரல்மொழியில் அதையே செய்தால் 65 பிழைக்கும், ஆனால் வெறும் எழுத்துச் சரமாக. கூட்ட முடியாது.

சேர்ந்து வாழ வேண்டுமானால் ஒரே இனமாக மாறத்தான் வேண்டுமா?

மேட்லேபின் ‘செல் அணி’ வேறு வழி சொல்கிறது: ஆளுக்கொரு அறை. யாரும் மாற வேண்டாம். ஆனால் அறைக் கதவைத் திறக்காமல் கணக்குப் போட முடியாது. தனிக்குடித்தனத்தின் விலை அது.

இன்னொரு வழியும் உண்டு. இந்தியத் தத்துவ மரபினரான வைசேஷிகர்கள் பொருளையும் அதைப் பற்றி நிற்கும் குணத்தையும் தனித்தனிப் பதார்த்தங்களாக, அதாவது வகைகளாக, பிரித்தார்கள். 2013இல் மேட்லேபுக்கு வந்த ‘டேபிள்’ ஏறக்குறைய அதே பார்வைதான். ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள்: ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, எடை எல்லாம் பத்திகள். பத்திக்குள் ஒரே இனம், பத்திக்குப் பத்தி வேற்றினம். கலப்புத் தரவுக்கு இதுவே நல்ல வீடு.

ஆனாலும் எது எண் என்பதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும். தொலைபேசி எண்ணை எண் பத்தியில் போட்டால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். பெயரில்தான் அது எண். இரண்டு தொலைபேசி எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.