துணையுடன் வாழ ஒரு வருமான வரம்பு

குடியுரிமை உடைய ஒருவர் வெளிநாட்டவரை மணந்துகொண்டால், அத்துணையுடன் சொந்த நாட்டில் சேர்ந்து வாழ்வது அவரது உரிமையா, அரசு தகுதி பார்த்து வழங்கும் சலுகையா என்னும் வினாவுக்குப் பிரிட்டன் வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு விடை கூறி வருகிறது. குறைந்தபட்ச வருமான வரம்பு எனப்படுவது, துணையை வரவழைப்பவர் ஆண்டுதோறும் ஈட்டியாக வேண்டிய தொகையாகும்; 2012 ஜூலையில் 18,600 பவுண்டாக இருந்த அது 2024 ஏப்ரலில் 29,000 ஆக உயர்த்தப்பட்டது.

பொது நிதிக்குச் சுமை கூடாது என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். அது புறந்தள்ளத்தக்கதன்று, ஆயினும், துணை விசாவில் வருவோர் பெரும்பாலான அரசு உதவித்தொகைகளைப் பெற ஏற்கெனவே தடை இருக்கையில், வந்தபின் அவர்கள் ஈட்டக்கூடிய ஊதியமும் பொதுவாகக் கணக்கில் சேர்க்கப்படாதபோது, இவ்வரம்பு உண்மையில் கருவூலத்தைத்தான் காக்கிறதா என்ற ஐயம் எழுகிறது. வரம்பு உயர்ந்த அதே மாதத்தில் 21 வயது நிரம்பியோர்க்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு, வாரம் 37.5 மணி நேரம் ஆண்டு முழுவதும் உழைத்தாலும் ஏறத்தாழ 22,300 பவுண்டே கிடைக்கும். முழுநேர உழைப்புக்கு இக்கூலி போதும் என ஒரு சட்டத்தால் ஏற்கும் அரசு, அதே கூலியைப் பெறுபவர் துணையுடன் வாழப் போதிய வசதி இல்லாதவர் என மற்றொரு விதியால் விலக்குவதை எந்த அறமும் ஏற்க இயலாது. 88,500 பவுண்டு சேமிப்பு உடையவரோ எதுவுமே ஈட்ட வேண்டியதில்லை.

இத்தகைய பாகுபாடு அங்கே புதிதன்று. பிரிட்டனில் சட்டப்படி நிலைத்து வாழ்ந்த மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், மனைவியரை வரவழைக்க ஆண்களுக்கிருந்த வசதியைக் கணவரை வரவழைக்கப் பெண்களுக்கு மறுத்த விதி பாலினப் பாகுபாடே என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது; அரசோ பெண்களின் உரிமையை விரிக்காமல், ஆண்களுக்கிருந்ததைக் குறைத்துச் சமன்செய்தது.

மிகப் பெரிய அநீதி குழந்தைகளுக்கே நேர்கிறது. பிறப்பால் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற குழந்தையை எவரும் நாடுகடத்த முடியாது. ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால், அவரைப் பிரிந்து வளர்வதா, தன் நாட்டை விட்டுச் செல்வதா என்னும் நெருக்கடி அதன்மேல் விழுகிறது. வருமான வரம்பு கொள்கையளவில் சட்டத்துக்கு உட்பட்டதே என 2017 பிப்ரவரியில் ஏற்ற பிரிட்டன் உச்ச நீதிமன்றம், குழந்தைகளின் நலனை விதிகள் உரியவாறு கருதவில்லை என்றும் கண்டது. அதன்பின் விதிவிலக்கான சூழல்களில் பிற வருவாய்களையும் பார்க்க வழி செய்யப்பட்டதாயினும், தம் சூழல் விதிவிலக்கானது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு, பிரிந்து கிடக்கும் குடும்பத்தின் தலையிலேயே விடப்பட்டது.