சேவற்கொடியும் கோழிக்கூண்டும்

திருத்தணி மலையில் முருகனின் சேவற்கொடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இறங்கி வந்து, கே.ஜி.கண்டிகை டீக்கடையில் சுடச்சுட ஓர் ஆம்லெட். அந்த முட்டை போட்ட கோழியை என்றைக்காவது நினைத்ததுண்டா?

நாமக்கல் பக்கம் கம்பிக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஏ4 தாள் அளவுகூட இல்லை. சிறகை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. அசைய இடமில்லாத கூண்டில் ஓர் உயிரை அடைப்பது குற்றம் என்கிறது 1960-ம் வருடச் சட்டம். ஐரோப்பிய யூனியன் 2012-ல் இந்த வகைக் கூண்டுகளையே தடை செய்துவிட்டது.

'விலை ஏறினா சத்துணவுப் பிள்ளைங்களுக்கு முட்டை ஏது சார்?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால், நம் ஆம்லெட் கணக்கை அந்தப் பிள்ளையின் பெயரில் எழுதலாமா? அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்தானே!