பயனின்றிச் செய்யும் தீங்கு



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பகுதியில் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல்லை உற்று நோக்குவோர், அதனுள் சிப்பியோடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கக் காண்பர். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பர் நிலவியலார். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாகிப்போன அடிமரம் ஒன்று 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கின்றது. அதன் காலம் இதனினும் முந்தியது. சங்கும் சிப்பியும் ஈரறிவுயிர் என்று நம் சிறார்க்குக் கற்பிக்கின்றோம். அவ்வுயிர்கள் விட்டுச்சென்ற உடலங்களே இன்று நம் வீட்டுச் சுவராய் நிற்கின்றன என்பதைக் கற்பிப்பார் எத்துணைப் பேர்?

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் இல்லறத்தார்க்கு வகுத்த குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விடுதல் என்பது அதன் பொருள். மண்ணை வீணே அகழ்தல், நீரை வீணே கொட்டுதல், தீயை வீணே மூட்டுதல், செடிகொடிகளை வீணே அறுத்தல் ஆகியவற்றைப் பிரமாதத்தின்பாற்பட்ட குற்றமாக ஆசாரியர் எண்ணுகின்றார். "வீணே" என்னும் சொல்லை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சிராவகன் வீடு கட்டலாகாது என்று அவர் கூறவில்லை. தேவை எங்கே முடிகின்றது என்று கேள் என்கின்றார்.

இக்கேள்வியை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் ஆசிரியர். சுற்றுச்சூழலைக் கல்வியின் கட்டாயப் பகுதியாக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே பணித்தது. பாடம் வந்துவிட்டது, கற்பிக்கும் முறைதான் வந்தபாடில்லை. ஆசிரியர் பயிற்சி மாணவர் செய்முறைத் தேர்வுக்கென்று செய்யும் துணைக்கருவிகளைப் பாருங்கள். தெர்மாகோல் பலகையில் ஆறு, தெர்மாகோல் பலகையில் காடு, அதன்மீது ஜிகினாத்தாள். "மரம் வளர்ப்போம்" என்ற வாசகமும் அதிலேயே ஒட்டப்பட்டிருக்கும்! மதிப்பெண் இட்டபின் அவை மூலையிற் குவிந்து, பின்னர் கொளுத்தப்படுவதும் உண்டு. மண்ணும் நீரும் தீயும் காற்றும் ஒருங்கே துன்புறும் இச்செயலுக்குப் பெயர் சூழலியல் பாடம்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது ஒரு பொருளை நோக்கி எடுத்து நோக்கி வைத்தல்; உத்சர்க்க சமிதி என்பது கழிப்பனவற்றை உயிர்க்கு ஊறு நேராத இடத்திற் கழித்தல். எடுப்பது, வைப்பது, கழிப்பது ஆகிய மூன்றிலும் கருத்து வேண்டும் என்பதே இக்காலத்தார் சுழற்சிப் பொருளாதாரம் என்று வழங்குவதன் உள்ளீடு. பயிற்சி மாணவர் தம் கருவியைப் பெரம்பலூர் வட்டாரத்துப் பருத்திமாராலும் மக்காச்சோளத் தட்டையாலும் செய்து, அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்தால் என்ன? கீழப்பழுவூரிலேயே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கின்றது. அங்கிருந்து சுண்ணாம்புச் சுரங்கம் தொலைவன்று. அதைக் காட்டிலும் சிறந்த பாடநூல் ஏது?

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை கலந்து சிமெண்ட் செய்யத் தரநிர்ணயம் இடமளிக்கின்றது. அதனால் வெட்டும் கல் குறைகின்றது, இது நன்று. பிளாஸ்டிக் கழிவைச் சூளையில் எரிபொருளாக இடுவதும் உண்டு. நிலக்கரி மிச்சமாகும், ஆனால் எரிந்த பொருள் மீள்வதில்லை. அதனைச் சுழற்சி என்பதை யான் ஒப்பேன். "எப்படியும் மறுபடி பயன்படும்" என்ற எண்ணம் மேலும் வாங்கத் தூண்டுமாயின், பொருளை அளவுபடுத்தும் அணுவிரதம் அங்கே உடைந்து போகின்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பட்டது. நம் இல்லங்களிலோ திருமணந்தோறும் தாம்பூலத்தோடு வந்த துணிப்பைகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன, கடைக்குச் செல்கையில் மட்டும் ஒன்றும் கைக்கு வருவதில்லை.

அரியலூர் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் சிறுவனின் தந்தை சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவராக இருக்கலாம். லாரிப் புழுதியைச் சுவாசிப்பவனும் அவனே, அவ்வருவாயில் உண்பவனும் அவனே. அவன் முன் நின்று சுரங்கம் பாவம் என்று கூறுவது எளிது. அவன் தந்தையை இழிவுபடுத்தாமல், எது தேவை, எது வீண் என்று அவனையே எண்ணிப் பார்க்கச் செய்வது அரிது. இரண்டாமதுதான் சாத்திர தானம். படம் ஒட்டுவதில் மட்டும் பயின்ற ஆசிரியரால் அது இயலாது.

நம் குடும்பங்களிலிருந்து ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் மக்கள் பலர். இவ்வாண்டுச் செய்முறைத் தேர்வுக்குத் தெர்மாகோல் வாங்கப் பணம் கேட்டால், தேர்வு முடிந்த மறுநாள் அது எங்கே இருக்கும் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.