மீட்டலும் மீட்பும்

1979ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து இளைஞர் நால்வர் பி.பி.சி. தொலைக்காட்சி நிலையத்திலிருந்து பாடாமலே வெளியேறினர். 'ரொப் ஒவ் த பொப்ஸ்' என்னும் அந்த வாராந்த நிகழ்ச்சியில் ஒருமுறை தோன்றிவிட்டால் இசைத்தட்டு விற்பனை பெருகும் என்பது அக்காலத்தில் யாவரும் அறிந்த வணிக உண்மை. தடையாக நின்றது ஒரேயொரு சொல். பாட்டிலே கருத்தடை உறையைக் குறிக்கும் கொச்சைச் சொல்லொன்று வந்தது. அதை மாற்றுமாறு நிலையத்தார் பணித்தனர். இளைஞர்கள் முரட்டுப் பிடிவாதக்காரரல்லர். பின்னாளில் அவர்களே கூறியபடி, 'பொதிகள்' என்று பொருள்படும் வேறொரு சொல்லை இட்டுப் பாட இணங்கினர். நிலையத்தாருக்கு அது போதவில்லை. மாற்றம் நடந்ததென்பதே கேட்போருக்குத் தெரியலாகாது. ஆகவே, ஆங்கில ஒலியிலே பழைய சொல்லை ஒத்திருக்கும் 'குப்பை' என்னும் சொல்லைத்தான் பாடவேண்டும் என்றனர். தணிக்கைக்கு உடன்பட்டவர்கள் தணிக்கையை மறைப்பதற்கு உடன்படவில்லை. எழுந்து போய்விட்டனர். அந்தப் பாட்டு விற்பனைப் பட்டியலில் 58ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 2004இல், அதே நால்வரும் மறுபடியும் ஒன்றுகூடினர். மறு ஆண்டு தம் பழைய பாட்டுகளையே புதிதாக ஒலிப்பதிவுசெய்து விற்றனர். இன்னுஞ் சில ஆண்டுகளின் பின், அவர்களின் பாட்டொன்று மைக்ரோசொஃப்ட் கம்பனியின் 'கினெக்ட்' விளையாட்டுக் கருவிக்கு விளம்பரப் பாட்டாயிற்று. அன்று ஒரு சொல்லுக்காக வெளியேறியவர்கள் ஈற்றில் விலைபோயினரா? இக்கேள்வியை இலேசாக எழுப்பி இலேசாகவே தீர்ப்புக் கூறிவிடுவோர் பலர். நாம் சற்று நின்று நோக்க விரும்புகின்றோம்.

குழுவின் பெயர் 'கேங் ஒவ் ஃபோர்' என்பது; நால்வர் கும்பல். 1976ஆம் ஆண்டு ஒக்டோபரில், மாவோ மறைந்து ஒரு மாதம் கழியுமுன்னே, அவரது மனைவியும் வேறு மூவரும் பீக்கிங்கில் கைதுசெய்யப்பட்டபோது உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் அது. அதனை எடுத்துச் சூடிக்கொண்டதிற் பாதி குறும்பு, பாதி அரசியல். (எமது வாசகருட் பலருக்கு 'நால்வர்' என்றதும் நினைவுக்கு வருவோர் வேறு, அவர்களும் பாடியவர்களே.) பாடகர் ஜோன் கிங்கும் கித்தார் கலைஞர் அன்டி கில்லும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர்கள். ஓவிய வரலாற்றை வர்க்க நோக்கில் ஆராய்ந்த ரி. ஜே. கிளார்க், பெண்ணிய நோக்கில் ஆராய்ந்த கிறிசெல்டா பொலக் ஆகியோர் கற்பித்த துறை அது. ஓர் ஓவியத்தைக் கண்டால் 'அழகாயிருக்கிறதா' என்று மாத்திரமன்றி, 'இதை யார், யாருக்காக, யார் பணத்தில் வரைந்தார்' என்றும் கேட்கப் பழக்கியவர்கள். அக்கேள்வியைக் கித்தாரிடமும் கேட்டாலென்ன என்று மாணவர்களுக்குத் தோன்றியிருக்கவேண்டும். ஹியூகோ பேர்ணம் டிரம் வாசித்தார். டேவ் அலன் பேஸ் கித்தார்.

'போஸ்ட் பங்க்' எனப் பின்னர் பெயர்பெற்ற அவ்விசைப் பெருக்கில் எத்தனையோ குழுக்கள் தோன்றி மறைந்தன. இவர்களுடைய தனித்தன்மை யாது? ரொக் இசையில் கித்தார் வாசிப்பவன் ஒரு சிற்றரசன். பாட்டின் நடுவே மற்றவர் பின்னொதுங்க, அவன் மாத்திரம் தன் விரல் வித்தையைக் காட்டுவான். கில் அதை மறுத்தார். வித்தை வரவேண்டிய இடத்தில் மௌனத்தை வைத்தார். பேஸும் டிரமும் தனித்து ஒலிக்கும், கித்தார் வாளாவிருக்கும். ஒலிப்பெருக்கியிலுங்கூட, வால்வு தரும் கதகதப்பான ஓசையை விட்டுத் திரான்சிஸ்டரின் வறண்ட ஓசையைத் தேர்ந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்ட இசையிலிருந்தும் ஜமெய்க்காவின் ரெகே இசையிலிருந்தும் கற்றுக்கொண்ட தாளம் அவர்களுடையது. முதல் இசைத்தட்டின் பாட்டுகளை ஆக்கியோர் என நால்வர் பெயரும் சமமாகவே பொறிக்கப்பட்டன. சமத்துவத்தைப் பற்றிப் பாடிய குழுக்கள் பல. சமத்துவமாக வாசிக்க முயன்றவை மிகச் சில.

1979 செப்டெம்பரில் வந்த அந்த நெடுந்தட்டுக்கு 'என்டர்டெயின்மென்ட்!', அதாவது 'கேளிக்கை!' என்று பெயர். சிவந்த உறையில் மூன்று சிறு படங்கள்: ஒரு வெள்ளைக் குதிரைவீரன் செவ்விந்தியன் ஒருவனுடன் கைகுலுக்குகின்றான். நண்பனென நம்பி இவன் சிரிக்கின்றான். நம்பிவிட்டானே என அவன் சிரிக்கின்றான். இனிச் சுரண்டல் எளிது என்பதைப் படத்தைச் சுற்றியுள்ள எழுத்து கூறும். உள்ளேயிருக்கும் பாட்டுகள் தொழிலாளியை விழித்தெழச் சொல்லும் சுலோகப் பாட்டுகளல்ல. '5.45' என்ற பாட்டு, மாலைச் செய்தியில் யாரோ சாவதைப் பார்த்துக்கொண்டே உணவருந்தும் மனிதனைப் பற்றியது. 'ஈதர்', வட அயர்லாந்துச் சிறையின் சித்திரவதையை இல்வாழ்வின் சுகங்களோடு பின்னிக் காட்டுவது. 'அந்த்ரக்ஸ்' என்பதில், காதலை மாட்டுக்கு வரும் கொள்ளைநோய்க்கு ஒப்பிட்டு ஒரு குரல் பாட, இன்னொரு குரல் அதே வேளையில், பாட்டுக் குழுக்கள் ஏன் இவ்வளவு காதற் பாட்டுகளைப் பாடுகின்றன என்று பாடம் நடத்துவதுபோலப் பேசிக்கொண்டே போகும். முதலாளித்துவம் ஆலை வாயிலில் நிற்கும் ஒன்றன்று. அது வீட்டுக்குள்ளே, கட்டிலருகே, சனி ஞாயிறு ஓய்விலே வந்து அமர்ந்திருக்கின்றது என்பதே அவர்களுடைய முறைப்பாடு. பிரசாரமா கலையா என்று ஆண்டுக்கணக்காக வாதிட்டுக் களைத்த எம்போன்றோருக்கு அந்தத் தட்டு ஒரு நல்ல பாடம்.

ஆனால் அதை வெளியிட்டது யார்? இ.எம்.ஐ. என்னும் பெருங் கம்பனி. இசைத்தட்டோடு இராணுவ மின்னணுக் கருவிகளையும் ஆக்கிய நிறுவனம். (அதன் ஆய்வுகூடத்தில்தான் உடலை ஊடறுத்துப் படம்பிடிக்கும் சி.ரி. கருவியும் பிறந்தது, அதற்காகக் கொட்ஃபிறி ஹவுன்ஸ்ஃபீல்ட் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டதும் இதே 1979இல்தான். மூலதனத்தின் வீட்டில் எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும்.) தோழர்கள் சிலர் அன்றே முகஞ்சுளித்தனர். எனவே, 2005இல் தான் இவர்கள் சந்தைக்கு வந்தனர் என்பது சரியன்று. முதல் நாளிலேயே சந்தையில்தான் நின்றார்கள். நின்றுகொண்டே சந்தையைக் காட்டிக்கொடுத்தார்கள்.

பிரிந்த கதை நீளமானதன்று. 1981இல் அலன் விலகினார். சேரா லீ அவரிடத்துக்கு வந்தார். 1982இல் சீருடைக்காரனைக் காதலிப்பது பற்றிய அவர்களின் எள்ளற் பாட்டை, போக்லண்ட் யுத்தத்தைக் காரணங்காட்டி பி.பி.சி. ஒலிபரப்பிலிருந்து விலக்கிற்று. 1983இல் பேர்ணமும் இல்லை. 1984இல் குழுவும் இல்லை. கிங்கும் கில்லும் இடையிடையே சேர்ந்து 1991இலும் 1995இலும் தட்டுகள் வெளியிட்டனர். அவற்றைப் பெரிதாக எவரும் நினைவுகூர்வதில்லை.

2000ஐ அடுத்த ஆண்டுகளில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 'ஃபிரான்ஸ் ஃபெர்டினண்ட்', 'புளொக் பார்ட்டி' முதலிய இளங் குழுக்கள் இந்நால்வரின் வறண்ட கித்தாரையும் ஆட்டத் தாளத்தையும் தமதாக்கிக்கொண்டு புகழும் பொருளும் ஈட்டின. மூலவர்களுக்கோ பழைய தட்டுகளால் வருவாய் கிட்டவில்லை. காரணம் இத்தொழிலின் அமைப்பிலேயே உண்டு. கம்பனி முற்பணம் கொடுக்கும். ஒலிப்பதிவுச் செலவையும் கலைஞன் கணக்கிலேயே எழுதும். அவன் பங்கிலிருந்து அவையாவும் கழியும்வரை அவனுக்குக் காசு வராது. கழிந்த பின்னரும் ஒலிப்பதிவு கம்பனியின் சொத்தாகவே இருக்கும். முற்பணம் கொடுத்து ஆளைப் பிணைக்கும் முறையை எமது மலைநாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. கித்தார்க் கலைஞனைத் தோட்டத் தொழிலாளியோடு ஒப்பிடுவது மிகையென்பது எமக்குந் தெரியும். கணக்குப் புத்தகம் மாத்திரம் ஒரே கையெழுத்தில் இருக்கின்றது.

ஆயின் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. ஒலிப்பதிவு கம்பனியுடையது, பாட்டு அதை ஆக்கியவருடையது. அதே பாட்டை மீண்டும் வாசித்தால், பிறப்பது புதியதொரு பதிவு. அதன் உரிமை வாசித்தவருக்கு. 2005இல் வந்த 'றிட்டேர்ண் த கிப்ட்' இவ்வாறு பிறந்தது. 'பரிசைத் திருப்பிக் கொடு' எனப் பொருள்படும் அப்பெயர் முதல் தட்டிலுள்ள ஒரு பாட்டின் பெயரே. தமது மீள்வருகையால் பழைய கம்பனி இலாபமடைவதை விரும்பவில்லை என்று குழுவினர் ஒளிவுமறைவின்றிக் கூறினர். இதே வழியை 2021 முதல் அமெரிக்கப் பாடகி டெயிலர் சுவிஃப்ட் பின்பற்றியபோது உலகமே அதைப் பற்றிப் பேசிற்று. லீட்ஸ் நகரத்தார் பதினாறு ஆண்டு முந்திவிட்டனர்.

இதனைத் துரோகம் என்போரின் மனத்தில் ஒளிந்திருப்பது யாது? கலைஞன் பட்டினி கிடந்தாலே அவன் சொல் மெய் என்ற எண்ணம். இது எமது எண்ணமன்று. கலைஞனைத் தெய்வமாக்கிவிட்டு அவன் கூலியைக் கொடாதொழியும் வர்க்கத்தின் எண்ணம். சம்பளம் பெறுவதால் ஆசிரியரின் பாடம் பொய்யாவதில்லை. தாம் செய்த வேலையின் பயனைத் தாம் கேட்டவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை.

எனினும் அந்தப் புதிய தட்டைப் பழையதோடு அடுத்தடுத்து வைத்துக் கேட்டபோது எமக்கு ஏதோ உறுத்திற்று. வாசிப்பில் தேர்ச்சி கூடியிருக்கின்றது. ஓசை கனமாயிருக்கின்றது. ஆனால் பழைய பதிவிலிருந்த நடுக்கம் இல்லை. பேர்ணத்தின் கையோ கில்லின் விரலோ தளர்ந்துவிடவில்லை. பின் எங்கே போயிற்று அது? 1970களின் பிற்பகுதியில் லீட்ஸ் தெருக்களில் 'நாஷனல் ஃபுறண்ட்' என்னும் இனவெறிக் கட்சி நடமாடிற்று. அதனை எதிர்த்து 'இனவாதத்துக்கு எதிரான ரொக்' இயக்கத்தின் மேடைகளில் இக்குழு வாசித்தது. பெண்களைத் தொடர்ந்து கொலைசெய்துவந்த ஒருவன் பிடிபடாது திரிந்த நகரம் அது. 1977இல், இரவில் நடமாடும் உரிமை தமக்கும் உண்டென்று பெண்கள் அங்கே ஊர்வலம் போயினர். அந்தப் பயமும் கோபமும் பழைய பதிவிலே கேட்கின்றன. கம்பனியிடமிருந்து மீட்கக்கூடியதை இந்நால்வரும் மீட்டுவிட்டனர். நகரம் தந்ததை எந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் மீட்பது?

இதை ஏற்றால் இன்னொன்றையும் ஏற்கவேண்டி வருகின்றது. பாட்டு கம்பனியின் சொத்தன்று என்றோம். அது முற்றாக நால்வரின் சொத்தும் அன்று. அன்று அந்த மேடைகளின் முன்னே நின்றவர்களுக்கும், ஊர்வலம் போனவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத பங்கு.

விளம்பரத்தை இங்கே வைத்து நோக்குவோம். 'நட்சுரல்ஸ் நொட் இன் இட்' என்ற அந்தப் பாட்டு, ஓய்வும் இன்பமும் எவ்வாறு எமக்கு விற்கப்படுகின்றன என்று வினவுவது. 2006இல் சோபியா கொப்போலா தமது 'மரீ அந்துவனெற்' திரைப்படத்தின் தொடக்கத்தில் அதனைப் பயன்படுத்தினார். சுகத்தில் புதைந்திருக்கும் அரசியின் உருவத்தோடு அது ஒலிக்கையில் பாட்டின் வினா அப்படியே இருந்தது. இன்னுங் கூர்மையாயிற்று என்றுங் கூறலாம். அதில் எமக்கு மாறுபாடில்லை. கினெக்ட் விளம்பரத்திலோ அதே கித்தார், அதே குரல், ஓய்வுநேரத்துக்கென்று விற்கப்படும் கருவியொன்றைச் சுற்றித் துள்ளும் குடும்பங்களுக்குத் தாளமாயிற்று. 1979இல் பி.பி.சி. கேட்டது, மாற்றியது தெரியாமல் ஒரு சொல்லை மாற்றும்படி. விளம்பரகாரருக்கு ஒரு சொல்லையேனும் மாற்றவேண்டியிருக்கவில்லை. வேண்டிய சில கணங்களை வெட்டியெடுத்தனர். வினா விழுந்துவிட்டது, விழுந்ததும் தெரியவில்லை.

'பல இலட்சம் பேர் கேட்டார்கள், அவர்களுட் சிலர் முழுப்பாட்டையும் தேடிப் போயிருப்பார்கள்' என்று ஒருவர் வாதிடலாம். மெய்யாகவும் இருக்கலாம். பாட்டை ஆக்கியோர் தரப்பின் இசைவின்றி இத்தகைய பயன்பாடு வழமையில் நடைபெறுவதில்லை. அந்த இசைவைக் கொடுக்கச் சட்டப்படி அவர்களுக்கு உரிமையும் உண்டு. பணம் பெற்றார்கள் என்பதற்காக நாம் வருந்தவில்லை. மறைப்பதற்கு உடன்படமாட்டோம் என்று எழுந்து போனவர்கள் இம்முறை எழுந்து போகவில்லையே என்பதுதான் எமது வருத்தம். அதைச் சொல்லும்போதே, பழைய தட்டையும் புதிய தட்டையும் காசு கொடுத்து வாங்கி, இளமையைத் திரும்பப் பெற்றதாக எண்ணி மகிழ்ந்த எம்மையும் நினைத்துக்கொள்கின்றோம்.

பின்னர் நடந்தவை: ஒன்றுகூடிய சில ஆண்டுகளிலேயே அலனும் பேர்ணமும் மறுபடி விலகினர். 2011இல் 'கொன்டென்ட்' என்ற தட்டை வெளியிட்டபின் கிங்கும் போனார். கில் இளையோர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் தொடர்ந்தார். நால்வர் கும்பலில் ஒருவர். அவர் 2020 பெப்ரவரி முதலாந் திகதி, 64ஆவது வயதில் காலமானார். அலன் இணையவழி இசைத் தொழிலிலும், பேர்ணம் அமெரிக்கக் கல்லூரியொன்றில் ஆசிரியராகவும் காலங்கழித்தனர். 2022இல் கிங், பேர்ணம், சேரா லீ மூவரும் புதிய கித்தார்க் கலைஞரொருவருடன் மேடையேறினர். 2025இல் 'நீண்ட விடைபெறல்' என்ற பெயரில் இறுதிப் பயணம். பழையவர்களுள் கிங்கும் பேர்ணமும் மாத்திரம். அவ்வாண்டு ஏப்ரில் 5இல், மறதிநோயால் வாடிய அலன் மறைந்தார்.

ஒன்றுகூடலின் பின்னரான மேடைகளில், இராணுவத்தைப் பற்றிய ஒரு பாட்டின்போது ஜோன் கிங் ஒரு மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிவந்து வைத்துத் தடியால் தாளம் தப்பாமல் அடிப்பார். கதவு நெளியும், துண்டுகள் தெறிக்கும், நரைத்த தலைகள் ஆரவாரிக்கும். அடுத்த ஊருக்கு வேறோர் அடுப்பு வேண்டும்.