உண்ட சோறும் உரைக்கும் உண்மையும்

செஞ்சோற்றுக் கடன் என்பது தமிழர் நெஞ்சில் ஆழ வேரூன்றிய சொல். ஒருவன் இட்ட சோற்றை உண்டவன், அவனுக்கு இடர் வந்துற்ற போது உயிரையும் ஈந்து அக்கடனைத் தீர்க்க வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். கர்ணனின் கதையைக் கேட்டு நாம் கண் கலங்குவதும் அதனாலன்றோ? ஆயின், சோறிட்டவனே தவறிழைக்கப் புகும்போது உண்டவனின் கடமை யாது? உடன் செல்வதா, வாய்மூடி இருப்பதா, எதிர்த்து உரைப்பதா?

இவ்வினா பழங்கதையோடு முடிந்து போனதன்று. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாயிலில் இன்றும் வந்து நிற்கிறது. நம் தந்தையரும் பாட்டனாரும் இந்நகருக்கு வந்தபோது அவர்களுட் பலருக்குச் சோறிட்டவை 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும், 1948இல் எழுந்த தொலைபேசித் தொழிற்சாலையும், பின்னர் வந்த எச்.எம்.டி., பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்றவையும் ஆகும். அவர்தம் பேரப்பிள்ளைகளோ இன்று வேறு துறைகளை நாடுகின்றனர். 1987இல் இந்நகரில் தேசியச் சட்டப் பள்ளி நிறுவப்பட்ட பின்னர், சட்டம் பயில்வது நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கனவாயிற்று. பயின்றோர் அனைவரும் உயர்நீதிமன்றத்தின் செங்கட்டடத்திற்குச் செல்வதில்லை. பலர் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்பீல்டிலும் உள்ள பெருநிறுவனங்களில் மாத ஊதியத்திற்கு அமர்கின்றனர். அவர்களுட் சிலர் படிப்படியாக உயர்ந்து, சட்டப் பிரிவின் தலைமைப் பொறுப்பையே ஏற்கின்றனர்.

அப்பொறுப்பு எத்தகையது? ஒப்பந்தங்களை ஆராய்வது, தொழிலாளர் வழக்குகளைக் கவனிப்பது, வெளி வழக்கறிஞர்களை அமர்த்துவது ஆகியன அதன் புறப்பணிகள். அகப்பணி ஒன்றே. "இதனைச் செய்யலாமா?" என்று மேலாளர்கள் வினவும்போது 'ஆம்' என்றோ 'ஆகாது' என்றோ உரைப்பதே அது. 'ஆகாது' என்று எவரிடம் உரைக்க வேண்டுமோ, அவரே ஊதிய உயர்வையும் தீர்மானிப்பவர் என்பதில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது.

சட்டமும் இச்சிக்கலை அறிந்தே இருக்கிறது. முழுநேர ஊதியத்திற்கு ஒருவரிடம் பணியாற்றுபவர் வழக்கறிஞராகத் தொழில் புரியலாகாது என்பது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 49ஆம் விதி. நிறுவனத்தில் சேர்வோர் கறுப்பு அங்கியைக் களைந்துவிட்டே சேரவேண்டும். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் மறைவாகக் கூறியதை வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது என்னும் பாதுகாப்பும் அங்கியோடு நீங்கிவிடுகிறது. நிறுவனத்தின் ஊதியம் பெறும் சட்ட ஆலோசகர்க்கு அப்பாதுகாப்பு இல்லை என்று நம் உச்சநீதிமன்றம் 2025 அக்டோபர் 31இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2010இல், அக்சோ நோபல் என்னும் நிறுவனத்தின் வழக்கில், இத்தகைய முடிவையே எய்தியது. ஊதியம் பெறுபவர்க்கு முழுத் தற்சார்பு இராது என்பதே இம்முடிவுகளின் அடிப்படை.

இதனைக் கேட்கும்போது நமக்கு வருத்தம் தோன்றுகிறது. ஊதியம் பெறுபவன் உண்மை உரைக்க மாட்டானா? மாதம் பிறந்தால் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும் நம்மையெல்லாம் இக்கேள்வி தைக்கிறது அன்றோ?

முதற்கண், உண்ட சோறு எவருடையது என்று தெளிய வேண்டும். 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சாலமன் வழக்கில், நிறுவனம் வேறு, அதனை நடத்துவோர் வேறு என்று வரையறுத்தது. நம் நாட்டுச் சட்டமும் அவ்வழியதே. ஆகவே, சட்டத்துறைத் தலைவர் உண்பது மேலாளரின் சோறன்று, நிறுவனத்தின் சோறு. அதில் பங்கு வாங்கிய ஓய்வூதியரின் சேமிப்பும், இரவுப் பணி புரியும் தொழிலாளியின் உழைப்பும், பொருளை நம்பி வாங்கியவரின் பணமும் கலந்துள்ளன. மேலாளரின் பிழையை மறைத்துக் காப்பவர் கடன் தீர்ப்பவராகார். ஒருவர்பொருட்டு ஏனையோர்க்குத் துரோகம் இழைத்தவரே ஆவார். பீட்டுமரும் அத்தினாபுரத்துச் சோற்றையே உண்டார். விதுரரும் அதனையே உண்டார். திரௌபதி அவையில் நின்று நீதி கேட்டபோது, முன்னவர் அறம் நுட்பமானது என்று கூறி அமைந்தார்; பின்னவர் அறத்தை எடுத்துரைத்தார். அவ்வரசகுலத்திற்கு உண்மையில் கடன் தீர்த்தவர் யார்?

நம் சங்கச் சான்றோரிடையே இதனினும் இனிய சான்று உண்டு. கோவூர் கிழார், அரசர் ஈந்த பரிசிலால் வாழ்ந்த புலவர். கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் இளஞ்சிறுவரை யானைக் காலில் இடத் துணிந்தபோது, அப்புலவர் அவன் முன்னே சென்று நின்றார். அரசனை அவர் இழித்துரைக்கவில்லை. புறாவின் துயர் துடைத்த குடியிலே பிறந்தவன் நீ என்று அவன் பெருமையை அவனுக்கே நினைவூட்டினார். யானையைக் கண்டு வியந்து அழுகையையும் மறந்து நின்ற அச்சிறுவரின் பேதைமையைச் சுட்டினார். பின்னர், எண்ணியதைச் செய்க என்று முடிவை அவனிடமே விட்டார். சிறுவர் உயிர் பிழைத்தனர். பரிசில் பெற்ற வாய் உண்மையையும் பேசியது. பேசிய முறையால் அவ்வுண்மை அரசன் செவியிலும் ஏறியது. இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்ற வள்ளுவரின் கருத்தை அறிந்தவன்போல் கிள்ளிவளவன் அன்று நடந்துகொண்டான்.

தலைவராயிருப்போர்க்கு உரைப்பது மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் விற்ற கார்கள் சிலவற்றில், சாவி திருகும் சுவிட்சில் ஒரு குறை இருந்தது. வண்டி ஓடும்போதே அது நழுவி எஞ்சின் நின்றுவிடும். உயிர்காக்கும் காற்றுப் பையும் விரியாது. மாண்டவர்களின் குடும்பத்தார் தொடுத்த வழக்குகளை அந்நிறுவனத்துச் சட்டப் பிரிவினர் பல ஆண்டுகள் பணம் கொடுத்து முடித்து வந்தனர். 2014இல்தான் ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அக்குறையால் 124 பேர் மாண்டனர் என இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. சட்டப் பிரிவைச் சேர்ந்தோர் உள்ளிட்ட 15 பேர் பணியிழந்தனர். அப்பிரிவின் தலைவருக்கோ 2014 பிப்ரவரி வரை இச்செய்தி எட்டவே இல்லை என்று விசாரணை அறிக்கை கூறிற்று. ஒவ்வொரு வழக்கும் தனித்தனிக் கோப்பாக முடிந்தது; எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் ஒன்று இல்லாது போயிற்று. தாம் உண்மை உரைப்பதோடு, தம் கீழுள்ளோர் அஞ்சாது வந்து உரைக்கும் வழியையும் திறந்து வைப்பதே தலைமை என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

எனினும், சொல்வது எளிது. வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்கும்போது 'ஆகாது' என்னும் சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. பிற மாநிலத்தில் வாழும் நமக்கோ மற்றோர் அச்சமும் உண்டு. "வந்த இடத்தில் தலைகுனிந்து பிழைத்துக்கொள்" என்பதே நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட முதற்பாடம். அப்பாடம் நம்மை வாழ வைத்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. தவிர, எதற்கெடுத்தாலும் தடை சொல்லும் ஆலோசகராலும் பயனில்லை. துணிந்து இறங்கத்தக்க வணிக இடர் வேறு. செய்யத்தகாத பிழை வேறு. முன்னதற்கு வழிகாட்டுவதும் பின்னதற்கு அணை போடுவதும் அவர் கடமை.

கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்ற எழுத்தர்க்கு ஓர் எளிய வழி தெரியும். மேலதிகாரி வாய்மொழியாக இட்ட ஆணையை எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டுப் பெறவேண்டும் என்று மத்திய அரசு ஊழியரின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. எழுத்தில் தருக என்று பணிவோடு கேட்டதும் கைவிடப்பட்ட ஆணைகள் உண்டு. சிறிய எழுத்தன் குறிப்புத் தாளில் எழுதிய கருத்தை மேலே உள்ளவர் ஏற்காமற் போகலாம். ஆயினும் அது கோப்பில் நிலைத்திருக்கும். அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் 2001இல் வீழ்ந்தபின், 2002இல் இயற்றப்பட்ட சட்டமும் இத்தகைய ஏணி ஒன்றையே அமைத்தது. பிழையைக் கண்ட வழக்கறிஞர் அதனைத் தம் தலைவரிடம் உரைக்க வேண்டும். அங்கே தக்க விடை கிடையாதாயின் இயக்குநர் குழு வரை கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே, சட்டம் பயின்று பெருநிறுவனங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே: பணிவு பேச்சில் இருக்கட்டும், கருத்தில் வேண்டா. உரைக்க வேண்டியதை உரிய நேரத்தில், உரியவரிடம், எழுத்தில் உரையுங்கள். அதனால் வேலை போகுமாயின், வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்குச் சோறிட நாங்கள் இருக்கிறோம். இந்த இறுதிச் சொல்லைப் பெற்றோராகிய நாம் துணிந்து சொல்லாதவரை, முன்னைய அறிவுரைகளைச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. பிள்ளையின் நாவில் உண்மை நிற்க வேண்டுமானால், அதற்கான துணிவு முதலில் பெற்றோரின் நெஞ்சில் பிறக்க வேண்டும்.