தம்பி எழுத்து

எழுத்துக்கு முகம் உண்டா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். எழுத்து ஓசைக்கு இட்ட அடையாளம். அதற்கு ஏது முகமும் சுபாவமும் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர் ஒரு நாள் தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காரட்டும். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊருக்கு ஊர் வரும் பலகைகளைச் சும்மா பார்த்துக்கொண்டு போகட்டும். ஒரு பலகை உறுமும். ஒன்று கைகட்டி நிற்கும். இன்னொன்று தோளில் கை போட்டு, "வா மாப்பிள்ளை" என்று கூப்பிடும். வார்த்தையைப் படிக்கும் முன்பே குரல் காதில் விழுந்துவிடும்.

தோளில் கை போடுகிற அந்த ரகத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு விசாரம்.

தமிழில் அதற்கு நல்ல உதாரணம் 'பாலூ தம்பி' என்ற எழுத்துரு. மும்பையிலுள்ள ஏக் டைப் என்னும் எழுத்துருக் கலைஞர் குழு 2016-ல் வெளியிட்டது. பாலூ என்றால் ஹிந்தியில் கரடி. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் மோக்லிக்குப் பாடம் சொல்லும் கரடிக்கும் அதே பெயர்தான். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே குடும்பமாக எழுத்துச் செய்து, ஆளுக்கொரு சகோதர முறை வைத்தார்கள். குஜராத்திக்கு 'பாய்', பஞ்சாபிக்கு 'பாஜி', தெலுங்குக்குத் 'தம்முடு', மலையாளத்துக்குச் 'சேட்டன்'. நமக்குக் கிடைத்தது 'தம்பி'. மலையாளம் அண்ணன், தமிழ் தம்பி என்பது குமுளி மலைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும். போகட்டும்.

தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். கோடெல்லாம் கனம்; மூலையெல்லாம் உருட்சி. கொழுத்த பிள்ளையொன்று தத்தித் தத்தி நடந்து வருவதுபோல் இருக்கும். இரண்டு மூன்று வார்த்தைகளைப் பெரிதாகப் போட்டால் கண்ணுக்கு விருந்து. அதிலேயே ஒரு பக்கம் கதை அச்சடித்தால் மூச்சு முட்டும். நம்முடைய ண, ன, ணை, னை ஆகியவற்றின் சுழிகளுக்குள்ளே கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். தடித்த கோடு அந்த வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஐந்து கனங்கள் கொடுத்தார்கள். இருந்தாலும் தம்பி தலைப்புக்குப் பிறந்தவன்.

இவனை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். சங்கடமும் அங்கேதான் ஆரம்பமாகிறது.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கும், காதுகுத்துக்கும், கம்பம் பன்னீர்த் திராட்சைப் பெட்டிக்கும் இவன் சிரிக்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் 'ஐந்தே நிமிஷத்தில் நகைக்கடன்' என்ற பலகையிலும் இவனைப்போல ஒருவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். வட்டி எத்தனை என்பது கீழே, எறும்பு ஊர்வதுபோல் மெலிந்த எழுத்தில். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி, ஏலத்தோட்டத்தில் கூலி செய்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் திரும்புகிற ஒரு பெண் அந்தப் பலகையைப் பார்க்கிறாள். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, கழுத்தில் ஒரே ஒரு சங்கிலி. பலகையில் உள்ள சொல் ஒவ்வொன்றும் நிஜம். பொய் குரலில் இருக்கிறது. சொல்லில் பொய் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். குரலில் இருந்தால் எங்கே போவது?

எழுத்து கத்தியைப் போல, பழமும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், குற்றம் கையினுடையது என்று சமாதானம் சொல்கிறார்கள். எனக்கு அது முழுச் சமாதானமாகப் படவில்லை. கத்தி யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. வரைந்தவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு குழந்தையின் சிரிப்பை அவர் ஊருக்குப் பொதுவாகக் கொடுத்தார்; அதைக் கொண்டுபோய் வட்டிக்கடை வாசலில் நிறுத்தியவர் வேறு.

ஈய எழுத்துக் காலத்தில் சிற்றூர் அச்சகத்தில் நாலைந்து பெட்டி எழுத்து இருந்தால் பெரிது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அதே பெட்டியிலிருந்து வரும். ஒன்றுக்கு மஞ்சள் தடவுவார்கள், மற்றதற்குக் கறுப்புக் கட்டம். கம்பாஸிட்டரை யாரும் கேள்வி கேட்க முடியாது. அவரிடம் இருந்தது அவ்வளவுதான். இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனிடம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே எதைப் போட்டாலும் அது அவன் தேர்ந்து போட்டது என்றாகிவிடுகிறது.

'கண்ணீர் அஞ்சலி'யைக்கூட இந்தக் கொழுத்த எழுத்தில் போடுகிறார்கள். முதலில் பார்க்கும்போது மனசு சுருங்குகிறது. ஆனால் கொள்ளுப்பேரன் கண்ட தொண்ணூறு வயதுக் கிழவியைக் கொட்டும் ஆட்டமுமாய் அனுப்பிவைக்கிற ஊர் இது. கல்யாணச் சாவு என்போம். அந்தச் சுவரொட்டியில் தம்பி சிரித்தால் கிழவிக்கே பிடித்துத்தான் இருக்கும். 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் கருகி மாண்டார்களே, அவர்கள் பெயர்களை இதே எழுத்தில் வரிசையாக நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டும் சாவுதான். வித்தியாசம் தம்பிக்குத் தெரியாது. அவனைக் கூப்பிடுகிறவனுக்குத் தெரியவேண்டும்.

கம்பத்தில் பலகை அச்சடிக்கும் இளைஞர் ஒருவரிடம் ஒரு நாள், "வட்டியையும் அதே எழுத்தில், அதே அளவில் போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்" என்றேன். போட்டார். 'வருஷத்துக்கு 24 சதவீதம்' என்று திரை நிறைய உருண்டு திரண்டு வந்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான்ணே இருக்கு. முதலாளிதான் ஒத்துக்க மாட்டாரு" என்றார்.